உப்புநீர் போட்ட எலி

12-8-2008, செவ்வாய்.
இன்று ஒரு தவறு செய்தேன். சின்னத் தவறுதான். படம் எடுக்க 'ஏ' கூண்டிலிருந்து எடுக்க வேண்டிய எலியை 'பி' கூண்டிலிருந்து எடுத்துவிட்டேன். கழுவித் திரும்ப அடுக்கியதில் கூண்டுகள் இடம் மாறியிருந்தன. அட்டையைப் படிக்காமல் கைப்பழக்கத்தில் எடுத்தது என் பிழை. எடுத்தது ஏழாம் எண் எலி. அதற்குப் போட்டது வெறும் உப்புநீர். அது ஒளிர்ந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஷமீமா பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதியதை இன்னொரு முறை படித்துப் பார்த்தாள். 'சின்னத் தவறுதான்' என்ற சொற்களை அடித்துவிடலாமா என்று தோன்றியது. அதற்குள் வாத்தியார் வந்துவிட்டார். பொன்னேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் மாலை நேரத்தில் நடக்கும் ஆய்வுக்கூடப் பட்டய வகுப்பு அது. அன்று சிறுநீர்ப் பரிசோதனை பாடம். பலகையில் எழுதியதையெல்லாம் அவள் நோட்டில் இறக்கினாளே தவிர, ஒரு எழுத்தும் மண்டைக்குள் போகவில்லை. கண்ணுக்குள் அந்த எலியின் முதுகுதான் நின்றது.

பகலில் அவளுக்குக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், எலிகளுக்கு ஊசி போட்டுப் படம் எடுத்துப் பதிவேடு எழுதும் வேலை. இரும்பு உருக்கும் ஆலைகளுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட பழைய கிடங்கொன்றைத் தடுத்துக் கட்டிய தனியார் ஆய்வுக்கூடம். டாக்டர் பூவராகவன்தான் தலைவர். அங்கே செய்யும் பொருளைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊசி முனையில் லட்சக்கணக்கில் அடங்கிவிடும் துகள்கள். நீல வெளிச்சம் பட்டால் அவை பச்சையாக ஒளிரும். உயிருள்ள உடம்புக்குள் அவற்றைச் செலுத்திவிட்டு வெளியிலிருந்து விளக்கைக் காட்டினால், தோலுக்கடியில் எங்கே இருக்கின்றன என்று கத்தி வைக்காமலே தெரிந்துவிடும். நாளைக்குப் புற்றுநோய்க் கட்டியின் ஓரத்தில் இதை வைத்தால், அறுக்கிற மருத்துவர் அந்த வெளிச்சத்தை எல்லைக்கல்லாக வைத்துக்கொண்டு அறுக்கலாம் என்பது டாக்டரின் கனவு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. துகளின் நடுவில் இருப்பது காட்மியம், சாதாரண நஞ்சில்லை. வைத்த இடத்தில் துகள் அசையாமல் இருக்க வேண்டும். உடம்பு முழுக்க ஊர்சுற்றக் கிளம்பிவிட்டால் கதை முடிந்தது.

ஜூன் மாதம் போட்ட முதல் தவணையில் வெளிச்சம் நாலே நாளில் மங்கிவிட்டது. போதாததற்கு ஊசி குத்திய இடத்தில் சீழ் வைத்து மூன்று எலிகள் செத்தன. பிறகு அங்கே ஆராய்ச்சி மாணவனாக இருக்கும் அன்புசெல்வன் துகளுக்குப் புதுப் பூச்சு ஒன்று கண்டுபிடித்தான். திருவாலங்காட்டில் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பிள்ளை. வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு அந்தப் பூச்சைத்தான் நம்பியிருந்தான். ஜூலை இருபத்தெட்டில் இரண்டாம் தவணை. 'ஏ' கூண்டில் ஒன்று முதல் ஆறு வரை எலிகளுக்குத் துகள். 'பி' கூண்டில் ஏழு முதல் பன்னிரண்டு வரை, ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் உப்புநீர். பதினாறு நாளாகியும் 'ஏ' கூண்டு எலிகளின் வெளிச்சம் குறையவில்லை. ஒன்றுகூடச் சாகவில்லை.

திங்கட்கிழமை ஐதராபாத்திலிருந்து பணம் போடுகிறவர்கள் வருகிறார்கள். அவர்கள் தலையாட்டினால் அடுத்தது பெரிய விலங்குகள், அதற்கடுத்தது மனிதர்கள். ஷமீமாவின் ஒப்பந்தம் ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது. திங்கட்கிழமை நல்லபடியாக முடிந்தால் நிரந்தர ஆணை உன் கையில் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பழவேற்காட்டில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்யும் அவளுடைய வாப்பா அசன் முகைதீன், ஒரு வருடம் போய்ப் பார், வேலை நிலைத்தால் படிப்பும் தொடரட்டும், இல்லாவிட்டால் வீட்டோடு இரு என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவர் சொன்ன சொல் மாறாதவர். அந்த ஒரு வருடத்தில் இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி.

அன்றிரவு அவள் புரண்டு புரண்டு படுத்தாள். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எதிலும் முதலில் தன்னைச் சந்தேகப்படுவதுதான் அவள் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ரகம். ஊசி போட்ட அன்று குப்பி மாறியிருக்குமோ? ஏழாம் எலிக்குத் துகளைப் போட்டுவிட்டு உப்புநீர் என்று எழுதிவிட்டேனோ? அப்படியானால் எந்த எலிக்கு உப்புநீர் போனது? ஆனால் 'ஏ' கூண்டில் ஆறும் ஒளிர்கின்றனவே. கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் இடித்தது.

புதன்கிழமை விடிந்ததும் பழவேற்காட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலேறி, ஏழே காலுக்கெல்லாம் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். குளிர்பெட்டியைத் திறந்து, மீதித் துகள் இருந்த குப்பியை அளந்தாள். பதிவேட்டில் எழுதியிருந்ததற்கும் குப்பியில் இருந்ததற்கும் ஒரு சொட்டு வித்தியாசம் இல்லை. ஆறு எலிகளுக்குப் போனதுதான் போயிருந்தது. ஏழாவதுக்குப் போக அதில் இடமே இல்லை.

பிறகு 'பி' கூண்டின் அட்டையை வாய்விட்டுப் படித்து உறுதி செய்துகொண்டு, எலிகளை ஒவ்வொன்றாக எடுத்து விளக்குப் பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே கறுப்புச் சாயம் அடித்த பலகைப் பெட்டி அது. மேலே நீல விளக்குகள். காமிராவுக்கு முன்னால், நீலத்தைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் கண்ணாடி. உப்புநீர் போட்ட எலி அதில் வெறும் இருட்டாகத் தெரிய வேண்டும். ஊசி போடுவதற்கு முன்னால் எடுத்த படங்களில் அப்படித்தான் தெரிந்தது. அந்தப் படங்களே போதும், 'பி' எலிகளைத் தினமும் படம் எடுத்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது டாக்டரின் உத்தரவு.

எட்டாம் எலி ஒளிர்ந்தது. ஒன்பதாவதும் ஒளிர்ந்தது. பன்னிரண்டாவதை வைக்கும் முன் அட்டையை மறுபடி படித்தாள். அதுவும் ஒளிர்ந்தது. முதுகில் ஊசி குத்திய அதே இடத்தில், காலணா அளவுக்குப் பச்சை வட்டம்.

ஒரு எலி என்றால் கைத்தவறு எனலாம். ஆறும் என்றால்? ஷமீமா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் அஞ்சம்மாள் உள்ளே வந்தாள். கவரைப்பேட்டைக்காரி, எலிகளுக்குத் தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் அவள் பொறுப்பு. தினமும் ஷமீமா வந்து சேரும் ஒன்பது மணிக்குள் அவள் வேலை முடிந்திருக்கும். இருவரும் அந்த அறையில் ஒரே நேரத்தில் இருந்ததே இல்லை.

"இன்னா பாப்பா, கோழி கூவறதுக்கு முன்னாடியே வந்துகீற? ஊட்ல சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த சின்னச் சில்வர் கிண்ணத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கூண்டைத் திறந்து ஒரு எலியைப் பிடித்து, பிள்ளைக்குப் பொட்டு வைப்பதுபோல் கிண்ணத்தில் விரலைத் தொட்டு அதன் முதுகில் ஒற்றினாள்.

ஷமீமா முக்காலியிலிருந்து எழுந்தாள். "அக்கா, இன்னாது அது?"

"மஞ்சதான். தேங்கா எண்ணெயில கொழச்சுகினு வருவேன்."

"எலிக்கு எதுக்குக்கா மஞ்ச?"

"ஊசி குத்தின எடத்துல மஞ்ச வெக்காத வுட்டா சீழ் புடிக்காதா? போன தபா மூணு செத்துப் போச்சே, இந்தத் தபா ஒண்ணாவது செத்துச்சா சொல்லு. ஒண்ணுகூட சாவக்கூடாது அஞ்சம்மான்னு டாக்டரு சொல்லிகீறாரு."

எப்போதிலிருந்து என்று கேட்டாள் ஷமீமா. ஊசி போட்ட அன்று சாயங்காலத்திலிருந்தே என்றாள் அஞ்சம்மாள். பன்னிரண்டுக்குமா என்று கேட்டதற்கு, அவள் கொஞ்சம் கோபமாகவே நிமிர்ந்தாள்.

"பின்ன? ஆறுக்கு வெச்சுட்டு ஆறை வுட்டுட்டா பாவம் இல்லியா? அதுங்களும் வாயில்லாத ஜீவன்தானே."

ஷமீமா கிண்ணத்தில் சுண்டுவிரலை நனைத்தாள். துணியால் நன்றாகத் துடைத்தாள். விரலை விளக்குப் பெட்டிக்குள் நீட்டி, கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இருட்டுக்குள் ஒரு விரல் நுனி மட்டும் பச்சையாகக் கொழுந்துவிட்டு எரிந்தது. பதினாறு நாளாக அவள் படம் பிடித்த அதே பச்சை. சட்டென்று கையை வெளியே இழுத்துக்கொண்டாள், சுட்டதுபோல.

அவளுக்கு இன்னொன்று நினைவு வந்தது. ஓடிப்போய்ப் பதிவேட்டைப் புரட்டினாள். ஊசி போட்டதும் அந்த இடத்தில் அயோடின் மருந்து தடவுவது வழக்கம். அதன் மஞ்சள் கறை அதிகம் போனால் இரண்டு நாள் இருக்கும். அவள் பதிவேட்டில் ஜூலை இருபத்தெட்டில் 'அயோடின் கறை' என்று இருந்தது. முப்பதில் இருந்தது. ஆகஸ்ட் மூன்றில், பத்தில், நேற்று வரையில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, ஒரு நாள் விடாமல், குண்டு குண்டான கையெழுத்தில் அவளே எழுதியிருந்தாள். கண்ணால் மஞ்சளைப் பார்த்துக்கொண்டே கையால் அயோடின் என்று எழுதியிருக்கிறாள். சில நாட்களில் அந்தப் பச்சை வட்டம் இடுப்புப் பக்கம் இழுபட்டாற்போல் நீண்டிருந்தது. எலி நக்கியதால் நீண்டிருக்கிறது. அதைத் துகள்கள் தோலுக்கடியிலேயே லேசாக நகர்வதாக எண்ணி, அவ்வளவு பரவாயில்லை என்று டாக்டர் வரைபடமே போட்டிருந்தார்.

எட்டரைக்கு அன்புசெல்வன் வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும், "இன்னா ஷமீமா, எலி கடிச்சிடுச்சா? நம்ம கோட்டிங் போட்ட எலி கடிச்சா நீயும் ராத்திரில மின்னுவ, கரண்டு மிச்சம்" என்றான். அவள் பன்னிரண்டாம் எலியின் படத்தைக் காட்டினாள். பிறகு கிண்ணத்தைக் காட்டினாள். அவன் சிரித்தபடிதான் கிண்ணத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தான். கண்ணாடியில் கண்ணை வைத்தவன் வெகுநேரம் எடுக்கவே இல்லை. எடுத்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"எண்ணெயில கரைச்சா இப்படித்தான் எரியும். வெறும் தண்ணின்னா இவ்ளோ தெரியாது. எண்ணெயில கரைச்சிருக்காங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்புறம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்லண்ணா."

"திங்கக்கிழமை தாண்டட்டுமே. மஞ்சளுக்கு அடியில நம்ம துகளும் இருக்கும். இல்லன்னு யாரு சொன்னா? இருக்கும் ஷமீமா. அவசரப்பட்டு நீ உன் வேலைக்கு ஏன் உலை வெச்சுக்கற?"

அவன் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத்தான் அவளுக்கும் பட்டது. இருக்கலாம். இருந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. நிரந்தர ஆணை வரும், வகுப்பு தொடரும். ஆனால் இல்லாவிட்டால், அந்தத் துகள்கள் எங்கே? பதினாறு நாளாக எல்லோரும் மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவை எங்கே போயின? அந்தக் கேள்வி ஒருமுறை வந்துவிட்ட பிறகு அதைத் தலையிலிருந்து இறக்கிவைக்க அவளால் முடியவில்லை. நாளைக்கு ஒரு மனுஷி இந்த ஊசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரப் போகிறாள். அவளுக்கு யார் பதில் சொல்வது?

ஒன்பதரைக்கு டாக்டர் வந்ததும் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கூண்டு மாற்றி எடுத்த தன் தவறிலிருந்து தொடங்கி, குப்பி அளந்தது, பன்னிரண்டு எலி, கிண்ணம், விரல் வரை எதையும் விடவில்லை. பூவராகவன் கையை நீட்டினார். பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளினார்.

"அயோடின் கறை எத்தனை நாள் இருக்கும்?"

"ரெண்டு நாள் சார்."

"இங்க பதினாறு நாள் இருக்கு. யாரு கையெழுத்து?"

"என்னுது சார்." தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழ?"

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'சரிபார்த்தேன்' என்று பச்சை மையில் இருந்தது அவருடைய கையெழுத்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் பதிவேட்டை மூடி எழுந்தார்.

ஒன்றாம் எண் எலியை அவரே எடுத்தார். பஞ்சை எரிசாராயத்தில் நனைத்து, மூன்று முறை, நான்கு முறை, பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை அதன் முதுகைத் துடைத்தார். பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டார். ஷமீமாவும் அன்புசெல்வனும் இரண்டு பக்கமும் நின்றார்கள். கண்ணாடியில் எலியின் உருவம்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஒரே இருட்டு.

அன்புசெல்வன் சுவரில் சாய்ந்துகொண்டான்.

"ஏழாவதையும் எடுத்துட்டு வா" என்றார் டாக்டர்.

இரண்டு எலிகளுக்கும் வலி தெரியாமல் மருந்து கொடுத்து உயிரைப் போக்கியபின், முதலில் உப்புநீர் எலியைத் திறந்தார். அதுவும் மஞ்சளை நக்கிய எலிதான். மஞ்சள் உள்ளே போய் ஏமாற்றுகிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா. அதன் கல்லீரலைத் தட்டில் வைத்து விளக்கைக் காட்டினார்கள். இருட்டு. மஞ்சள் அங்கே இல்லை. அடுத்து ஒன்றாம் எலி. பழுப்பும் சிவப்புமாக, பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு துண்டு, பெட்டிக்குள் போயிற்று. டாக்டர் விசையைத் தட்டினார்.

கல்லீரல் முழுக்கப் பச்சையாக எரிந்தது. ஓரம் ஓரமாக, மடிப்பு மடிப்பாக, உள்ளே யாரோ விளக்கேற்றி வைத்ததுபோல. முதுகில் பதினாறு நாள் பார்த்த வெளிச்சம் எல்லாம் இதற்கு முன்னால் மின்மினிப்பூச்சி. ஷமீமா வாயைப் பொத்திக்கொண்டாள். முதுகைத் தாண்டவில்லை என்று வரைபடம் போட்ட நஞ்சு, அந்த எலியின் ஈரலில் குடியேறி எத்தனை நாளாயிற்றோ. எலி அதுபாட்டுக்குத் தின்று, தூங்கி, முதுகில் மஞ்சளோடு ஓடித் திரிந்திருக்கிறது.

டாக்டர் விளக்கை அணைத்தார். திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அணைத்தார். "மனுஷனுக்குப் போட்டிருப்பேன்" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார்.

மத்தியானம் அவர் ஐதராபாத்துக்குத் தொலைபேசியில் பேசினார். கதவு மூடியிருந்ததால் என்ன பேசினார் என்று தெரியவில்லை; வெளியே வந்து, திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார். அன்புசெல்வன் சாப்பிடப் போகவில்லை; பழைய பூச்சின் குறிப்புகளை விரித்து வைத்துக்கொண்டு, எழுதாமல் உட்கார்ந்திருந்தான். அஞ்சம்மாளைக் கூப்பிட்டு இனி மஞ்சள் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, சீழ் பிடித்தால் யார் பொறுப்பு என்று அவள் கேட்டாள். அவளை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. என்ன வைத்தாய் என்று ஒரு நாள்கூட அவளிடம் கேட்காதது நாம்தான் என்று பிறகு ஷமீமாவிடம் சொன்னார்.

ஷமீமா கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். "மாசக் கடைசிக்கு மேல உனக்கு நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. இடமே இருக்குமான்னு தெரியல. அதுவரைக்கும் வேலை நிறைய இருக்கு" என்றார். சரி சார் என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று ரயிலில் ஒருமுறை நினைத்தாள். கவரைப்பேட்டை வருவதற்குள் அந்த ஈரலின் பச்சை மறுபடி கண்ணுக்குள் வந்தது. அந்த நினைப்பு அதோடு போயிற்று. வாப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டும் போகவில்லை.

வகுப்பு தொடங்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. மருந்துக்கடை மாடியில் விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுழன்றது. அவள் நோட்டை எடுத்தாள்.

13-8-2008, புதன்.
வேலை இந்த மாதம் 31 வரை. வாப்பாவிடம் இன்று இரவே சொல்லிவிட வேண்டும்.
எலி 1: முதுகில் ஒளி இல்லை. கல்லீரலில் உண்டு.
எலி 7: முதுகைத் துடைத்துப் பார்க்க மறந்துவிட்டோம். கல்லீரலில் ஒளி இல்லை.
ஓர் எலியை வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது.
நாளை காலை ஒன்பது மணி: முதலில் 8 முதல் 12 வரை, பிறகு 2 முதல் 6 வரை. அட்டையைப் படித்த பிறகே எலியைத் தொட வேண்டும். ஒவ்வொன்றையும் துடைத்து முதுகைப் படம் எடுக்க வேண்டும். கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் மூன்றையும் தனித்தனியாக எடை போட்டுப் படம் எடுக்க வேண்டும்.